வைக்கலாமா, வைக்கலாம்: குடியிருப்போர் கூட்டத்தைப் பதிவுசெய்து எழுத்தாக்க எந்த வழி நல்லது?

மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வைக்கலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பேட்டில், "பூட்டு வைக்கலாம்" என்று ஏறியது. பொருளாளர் சுறுசுறுப்பானவர், மறுநாளே பூட்டு வாங்கி மாட்டிவிட்டார். அது ஏப்ரல் மாதம், வடாம் போடும் காலம். மூன்றாம் மாடி மாமி கூழ்ப் பாத்திரத்தோடு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபடி போனில் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வேறு யாரும் வராததால் என் தலையில் கட்டிய பதவி. எங்கள் கூட்டம் பாதி கீழே பார்க்கிங் பக்கத்து அறையில் நடக்கும், பாதி ஜூமில் நடக்கும். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பெங்களூருவிலும் துபாயிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கிற உரிமையாளர்கள் ஜூமில் வருவார்கள். கையால் குறிப்பெடுத்துச் சலித்துப்போய், கூட்டத்துக்குள் தானாக நுழைந்து குறிப்பெடுக்கும் ஒரு சேவையை இலவசமாக முயன்று பார்த்தேன். பேச்சைக் கேட்டு அது எழுதித் தந்த டிரான்ஸ்கிரிப்டில் அந்தக் கடைசி "ஆ" விழுந்துவிட்டது. ஒலியைத் திரும்பக் கேட்காமல் அப்படியே எடுத்து எழுதியது நான். ஆகவே பழியில் பெரிய பங்கு எனக்குத்தான்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் உட்கார்ந்து எல்லா வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நம்மைப் போலத் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற சிறிய சங்கம், அறக்கட்டளை, பள்ளிப் பெற்றோர் குழு நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழுக்க ஆங்கிலத்தில் கூட்டம் நடத்தும் அலுவலகம் என்றால் உங்கள் கதை வேறு. உங்களுக்குக் கையில் கிடைக்கும் எந்தக் கருவியும் ஓரளவு போதும்.

முதலில் தமிழில் என்ன சிக்கல் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் தேர்வு முழுக்க அதில்தான் நிற்கிறது. நம் மொழியில் ஒரு வாக்கியத்தின் தலையெழுத்து அதன் வாலில் இருக்கிறது. கொடுக்கலாம், கொடுக்கலாமா, கொடுக்கலாமே. முடியும், முடியாது. வேணும், வேணாம். தீர்மானமா, கேள்வியா, மறுப்பா என்பதைக் கடைசி அசைதான் சொல்கிறது. பேசும்போது நாம் விழுங்குவதும் அந்தக் கடைசி அசையைத்தான். எண்களும் அப்படி. தொண்ணூறும் தொள்ளாயிரமும், எழுபதும் எழுநூறும் மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றுபோலத்தான் கேட்கும். பெயின்டர் எண்பதாயிரம் கேட்டாரா எட்டாயிரம் கேட்டாரா என்பது எங்களுக்கு முக்கியம்.

இன்னொன்று, பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறு வேறு. ஆங்கிலத்தில் டிரான்ஸ்கிரிப்டைக் கொஞ்சம் தட்டிக்கொட்டினால் குறிப்பாகிவிடும். இங்கே "மோட்டார் ரிப்பேர் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டிருந்தாங்கல்ல" என்று மென்பொருள் எழுத்துப் பிசகாமல் எழுதித் தந்தாலும், மினிட்ஸ் புத்தகத்தில் அதை ஏற்ற முடியாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றத்தான் வேண்டும். மென்பொருளின் துல்லியத்தைச் சொல்லுக்கு இத்தனை பிழை என்று எண்ணும் கணக்கும் தமிழுக்கு ஒத்துவராது. "சொல்லிட்டிருந்தாங்கல்ல" முழுவதும் ஒரே சொல். அதில் ஒரு எழுத்து மாறினாலும் சொல் முழுவதும் தவறு என்றே கணக்காகும். படிக்கிறவருக்கு அது பிழையாகவே தெரியாது. மாறாக, "வைக்கலாமா" "வைக்கலாம்" ஆனதும் அதே கணக்கில் ஒரே ஒரு பிழைதான்.

ஆகவே எந்த மென்பொருள் எத்தனை சதவீதம் சரி என்று விளம்பரங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால், அந்த வரி பேசப்பட்ட இடத்துக்கு அரை நிமிடத்தில் போய்க் காதால் கேட்க முடிய வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் என்பது ஒலிப்பதிவுக்கு ஒரு பொருளடக்கம் மாதிரி. அது எந்தப் பக்கம் என்று காட்டினால் போதும், படித்துச் சொல்ல நான் இருக்கிறேன். இந்த அளவுகோலை வைத்துத்தான் கீழே உள்ளதெல்லாம்.

கையால் எழுதுவதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் ஒரு வழியாகவே மதிப்பதில்லை. காசில்லை, மின்சாரம் வேண்டாம், யாருடைய சம்மதமும் வேண்டாம். எழுதுகிறவர் கூட்டத்தின் போக்கைப் புரிந்து எழுதுவார், சும்மா புலம்பியதை விட்டுவிடுவார். ஆனால் எழுதுகிறவர் பேச முடியாது. செயலாளரே எழுதினால், தான் பேசியதை மட்டும் அழகாக எழுதிக்கொண்டார் என்ற பேச்சு வரும். பத்துப் பேருக்குள் நடக்கும் செயற்குழுக் கூட்டத்துக்கு இன்றும் நாங்கள் நோட்டுப் புத்தகம்தான் வைத்திருக்கிறோம். பொதுக்குழுவுக்குத்தான் அது போதவில்லை.

கூட்ட மென்பொருளிலேயே இருக்கும் வசதி அடுத்தது. கூகுள் மீட்டில் இலவச ஜிமெயில் கணக்குக்குப் பதிவு வசதி கிடையாது, மூன்று பேருக்கு மேல் என்றால் 60 நிமிடத்தில் முடிந்தும் விடும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் எழுத்தாக்க வசதி அலுவலகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கானது. சங்கத்துக்கு எதற்கு அது? ஜூமில்தான் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. இலவசக் கணக்கிலும் கணினியிலிருந்து நடத்தினால் அந்தக் கணினியிலேயே பதிவுசெய்யலாம். (40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும் என்பது தெரிந்ததுதான். எங்கள் உறுப்பினர்கள் சிலர் அதை ஒரு வரமாக நினைக்கிறார்கள்.) பதிவு அமைப்புகளுக்குள் போனால், பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒலிக்கோப்பு எடுக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டால் துபாய்க்காரர் பேசியது ஒரு கோப்பு, பெங்களூரு அம்மா பேசியது இன்னொரு கோப்பு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒருவர் குரல் மற்றவர் குரலை மூடாது. யார் பேசியது என்று கண்டுபிடிக்க மென்பொருளைக் கெஞ்ச வேண்டியதும் இல்லை. இது நேரடியாக ஜூமில் வருகிறவர்களுக்கு மட்டும்தான். அறையில் இருக்கும் இருபது பேரும் ஒரே லேப்டாப்பில் பேசினால் அவர்கள் எல்லாரும் ஒரே கோப்பு, ஒரே கூச்சல்.

அப்புறம் பாட்கள், நான் முதலில் சொன்ன மாதிரி தானாகக் குறிப்பெடுக்கும் மென்பொருள்கள். ஓட்டர், ஃபயர்ஃபிளைஸ் போன்றவை. கூட்டத்தில் இன்னொரு ஆள் மாதிரி வந்து உட்கார்ந்து, முடிந்ததும் டிரான்ஸ்கிரிப்ட், சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள் என்று எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பிவிடும். சோம்பேறிக்கு இதைவிட வசதி கிடையாது. வரியைத் தொட்டால் ஒலியும் கேட்கும், ஆகவே என் அளவுகோலில் தேறிவிட வேண்டும். இருந்தும் நான் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு இரண்டு காரணம். ஓட்டர் ஆங்கிலத்தைச் சுற்றி வளர்ந்த சேவை. ஃபயர்ஃபிளைஸ் நூறு மொழிகளுக்கு மேல் தெரியும் என்கிறது, ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் மொழி மாறும் நம் பேச்சு மொழிப் பட்டியலில் வராத ஒன்று. இரண்டாவது காரணம் பெரியது. 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஓட்டர் மீது ஒரு கூட்டு வழக்கு தொடரப்பட்டது. அந்தச் சேவையில் கணக்கே இல்லாதவர்களின் பேச்சையும் அவர்கள் சம்மதமில்லாமல் பதிவுசெய்து, தன் மென்பொருளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துகிறது என்பது அதில் குற்றச்சாட்டு. வழக்கின் முடிவு எப்படி வேண்டுமானாலும் ஆகட்டும். பராமரிப்புக் கட்டணம் யார் பாக்கி, எந்த வீட்டில் யாருக்குச் சண்டை என்பதெல்லாம் பேசப்படும் கூட்டம் எங்களுடையது. அதை ஒரு மூன்றாம் ஆள் கையில் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்க முடியாது. போதாததற்கு, ஒருவருடைய காலண்டரோடு இணைத்துவிட்டால் அவர் வராத கூட்டத்துக்கும் பாட் மட்டும் வந்து உட்காரும். ஆள் வரவில்லை, ஆளின் காது வந்திருக்கிறது என்றால் மற்றவர்கள் எப்படி மனம்விட்டுப் பேசுவார்கள்?

ஆண்ட்ராய்டு போனில் வரும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைப் பலர் எனக்குப் பரிந்துரைத்தார்கள். கூகுளில் ஆராய்ச்சியாளராக இருக்கும், சிறு வயதிலேயே செவித்திறன் இழந்த திமித்ரி கானெவ்ஸ்கியின் முயற்சியில் உருவாகி, செவித்திறன் குறைந்தோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு 2019ல் வந்தது அது. தமிழும் தெரியும். பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடும். ஆனால் ஒலியைச் சேமிக்காது, எழுத்தையும் மூன்று நாள்தான் வைத்திருக்கும். மினிட்ஸ் எழுத அது உதவாது. அதன் வேலை வேறு. எங்கள் கூட்டத்துக்கு வரும் எண்பது வயதுப் பெரியவர் ஒருவருக்குக் காது மந்தம். அவர் முன்னால் ஒரு டேப்லெட்டில் இதை ஓடவிட்டோம். இத்தனை வருடம் தலையாட்டிவிட்டுப் போனவர், அன்று போர்வெல் செலவைப் பற்றி மூன்று கேள்வி கேட்டார்.

இனி, நானே கணினியில் ஓட்டிக்கொள்ளும் வழி. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது. அதைச் சாதாரண லேப்டாப்பிலும் ஓடும்படி விஸ்பர்.சிபிபி என்று ஒரு வடிவத்தை ஜியோர்ஜி கெர்கானோவ் எழுதினார். கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டுவதெல்லாம் பயமாக இருந்தால் பஸ் (Buzz) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பை இழுத்துப் போட்டு, மொழியைத் தேர்ந்தெடுத்தால் போதும், நேரக் குறிப்போடு வரிவரியாக எழுதித் தரும். ஒலி வீட்டை விட்டு வெளியே போவதில்லை. இணையம்கூட வேண்டாம். எனக்கு இது பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் இது காலை வாரிவிடும். விஸ்பர் முதலில் பழகியது 6,80,000 மணி நேர ஒலியில். அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,17,000 மணி நேரம். நமக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு பங்கு. ஆகவே விஸ்பரின் சிறிய மாடல்கள், அதாவது சிறிய அளவு வடிவங்கள், தமிழுக்குச் சுத்தமாக உதவாது. 155 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் அது கற்றுக்கொண்ட எண்கள்) உள்ள பெரிய மாடலையே எடுங்கள். 10 ஜிபி அளவு நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் வேகமாக ஓடும். இல்லாவிட்டால் இரவு படுக்கப் போகும்போது ஓடவிட்டு, காலையில் காபியோடு பார்த்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து எழுதுவதால் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நேரம் கூடுதலாகவே பிடிக்கும்.

மொழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விடவே கூடாது. விஸ்பர் முதல் 30 நொடியைக் கேட்டு மொழியை முடிவு செய்யும். நம் கூட்டங்கள் எப்படித் தொடங்கும்? "குட் ஈவ்னிங் எவ்ரிபடி, ஷால் வீ ஸ்டார்ட்?" அவ்வளவுதான், இது ஆங்கிலக் கூட்டம் என்று முடிவு கட்டிவிடும். அதற்குப் பிறகு வரும் தமிழையும் தன் போக்கில் ஆங்கிலமாக்கி எழுதத் தொடங்கும். தமிழ் என்று நாமே குறித்துவிட்டால் ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் வரும்: "மெயின்டனன்ஸ்", "கார்ப்பஸ் ஃபண்ட்". எழுத்து முன்னே பின்னே இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

மௌனம்தான் இன்னும் ஆபத்தானது. யாரும் பேசாத இடத்தில் விஸ்பர் தானாக எதையாவது எழுதிவிடும் என்பது பரவலாகத் தெரிந்த குறை. 2024ல் வெளியான ஓர் ஆய்வு, எழுத்தாக்கிய ஒலித்துண்டுகளில் சுமார் 1 சதவீதத்தில் யாருமே பேசாத முழுத் தொடர்கள் முளைத்திருந்ததைக் கண்டது. பேச்சில் நீண்ட இடைவெளிகள் இருந்தால் இது கூடுகிறது. ஆகவே காபி இடைவேளையை வெட்டிவிட்டுத்தான் கோப்பைக் கொடுக்க வேண்டும். அதைவிட, டிரான்ஸ்கிரிப்டில் தீர்மானம் மாதிரி எது தெரிந்தாலும் அந்த இடத்து ஒலியைக் கேட்காமல் மினிட்ஸில் ஏற்றக் கூடாது. பூட்டு விவகாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

லேப்டாப் பழையது, இரவெல்லாம் ஓட்ட முடியாது என்பவர்களுக்குக் காசு கொடுத்து இணையத்தில் எழுத்தாக்கும் வழி இருக்கிறது. விஸ்பரையே ஓப்பன்ஏஐயின் சேவை வழியாக நிமிடத்துக்கு 0.006 டாலருக்கு வாங்கலாம். ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்கு 54 சென்ட், நம் காசுக்கு ஒரு காபி விலை. கோப்பு 25 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. ஒற்றைத் தடத்தில் (மோனோ) நொடிக்கு 32 கிலோபிட் அளவுக்குச் சுருக்கினால் 90 நிமிடமும் 22 எம்பிக்குள் அடங்கிவிடும். பேச்சுக்கு அந்தத் தரம் போதும். நம் ஊர் மொழிகளுக்கென்றே உழைப்பவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் இந்திய மொழிகளுக்கான பேச்சறி மாடல்களை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. பெங்களூருவின் சர்வம் நிறுவனம் மொழி கலந்த பேச்சை மனத்தில் வைத்தே தன் சேவையை விற்கிறது. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்த பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் இவற்றை முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன்.

கூகுளின் ஜெமினி போன்ற ஏஐ மாடலிடம் ஒலிக்கோப்பையே கொடுத்து "மினிட்ஸ் எழுது" என்பது இப்போதைய மோகம். ஒரே தடவையில் ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலியைக்கூட அது வாங்கிக்கொள்ளும், எழுத்துத் தமிழிலும் எழுதித் தரும். மேலே சொன்ன பேச்சு, எழுத்து இடைவெளியை இது ஒன்றுதான் தானாகத் தாண்டுகிறது. எனக்கு அதில்தான் பயமே. பிழையுள்ள டிரான்ஸ்கிரிப்ட் கண்ணை உறுத்தும், நாம் ஒலியைத் தேடிப் போவோம். வழவழப்பான எழுத்துத் தமிழில் "பூட்டு வைப்பதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று இருந்தால் யார் தேடப் போகிறார்கள்? நீண்ட பதிவில் இவை தரும் நேரக் குறிப்பும் நழுவும். இன்னொன்று: ஜெமினியின் இலவச ஏபிஐயில் (நிரல் வழியாக அதைப் பயன்படுத்தும் வழி) நாம் கொடுப்பதைத் தன் சேவைகளை மேம்படுத்தப் பயன்படுத்துவதாகவும், மனிதர்கள் படிக்கலாம் என்றும் கூகுளே விதிமுறையில் சொல்கிறது. ஆகவே ஒலியை அதனிடம் கொடுக்காமல், நான் கேட்டுத் திருத்திய குறிப்பை, பெயரும் வீட்டு எண்ணும் எடுத்துவிட்டு, மொழிநடை சரிபார்க்க மட்டும் கொடுக்கிறேன்.

இத்தனை மென்பொருளைப் பற்றிச் சொல்லிவிட்டேன், ஆனால் எங்களுக்கு அதிகம் உதவியது ஒரு மைக். வாயிலிருந்து மைக்குக்கு உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபெல் குறையும். மின்விசிறிச் சத்தம் குறையாது. மேசை நடுவில் போனை வைத்துவிட்டு நான்காவது வரிசையில் இருப்பவர் முணுமுணுப்பதை எந்த மென்பொருளும் எழுதாது. ஒரு சாதாரண ஒயர்லெஸ் மைக் வாங்கினோம். மைக் கையில் இருப்பவர்தான் பேச வேண்டும், பேசுமுன் வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். "பி-7 பேசறேன்" என்று ஒவ்வொருவரும் தொடங்கியதும், யார் பேசியது என்ற கேள்வி தீர்ந்தது. குறுக்குப் பேச்சும் பாதியாகக் குறைந்தது. மைக்கை வாங்கினால் திருப்பித் தராத இரண்டு பேரை என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

சம்மதத்தைச் சடங்காக வைக்காதீர்கள். 2023ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. சம்மதக் கோரிக்கையைத் தமிழிலும் பெற உறுப்பினருக்கு அதில் உரிமை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இருந்து ஜூமில் வருகிறவர் இருந்தால் அங்கே இன்னும் கண்டிப்பு. அந்த மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 632ஆவது பிரிவு, அந்தரங்க உரையாடலை எல்லாத் தரப்பின் சம்மதமும் இல்லாமல் பதிவுசெய்வதைக் குற்றமாக்குகிறது. நாங்கள் கூட்ட அழைப்பிலேயே மூன்று வரி சேர்த்துவிட்டோம்: கூட்டம் பதிவுசெய்யப்படும், மினிட்ஸ் எழுத மட்டுமே பயன்படும், அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் ஏற்கப்பட்டதும் பதிவு அழிக்கப்படும். பதிவு வேண்டாம் என்பவர் கையைத் தூக்கினால் அவர் பேசும்போது நிறுத்திவிடுவோம். இதுவரை ஒருவர்தான் தூக்கினார். ஆறு மாதப் பராமரிப்பு பாக்கி வைத்திருப்பவர்.

இப்போது எங்கள் நடைமுறை இதுதான். ஜூமில் தனித்தனி ஒலிக்கோப்பு, அறைக்கு ஒயர்லெஸ் மைக், சங்கத்தின் பழைய லேப்டாப்பில் இரவில் விஸ்பர் பெரிய மாடல். மறுநாள் நானும் பொருளாளரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தீர்மானங்களும் தொகைகளும் வரும் இடங்களை மட்டும் காதால் கேட்டு எழுதுவோம். முழுக் கூட்டத்தையும் படிப்பதில்லை. குறிப்பெடுக்கும் பாட்களின் வசதிக்கு இது ஈடாகாது என்பது உண்மைதான். வாரத்துக்கு ஐந்து கூட்டம் நடத்துகிறவர் என்றால் இந்த வேலை கட்டுப்படியாகாது. அவர் காசு கொடுக்கும் சேவைக்கே போகட்டும், வரியைத் தொட்டால் ஒலி கேட்கிறதா என்று மட்டும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளட்டும்.

மொட்டைமாடிப் பூட்டைக் கழற்றிவிட்டோம். அது இப்போது மோட்டார் ரூமில் தொங்குகிறது. மாமி அந்த வருடம் வடாம் அனுப்பவில்லை.